அவன் மன்னிப்புக் கேட்கும் பக்கம்

காதல் நாவல் படிக்கும் பெண்களைப் பற்றி எல்லோரிடமும் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கிறது. பகற்கனவு காண்கிறவர்கள், பணக்கார மாப்பிள்ளை காரில் வந்து இறங்குவான் என்று நம்புகிறவர்கள், வாழ்க்கை தெரியாதவர்கள் என்பார்கள். பள்ளிப் பருவத்தில் தொடங்கிப் பணி ஓய்வுக்குப் பிறகும் இந்த நாவல்களை விடாமல் படித்துவருகிறவள் நான். அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். மாமியாரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டேன். வாழ்க்கை என்னவென்று எனக்குத் தெரியும். என்னோடு சேர்ந்து இவற்றைப் படித்த பெண்களுக்கும் தெரியும். அவர்களில் ஒருத்திகூட எந்தக் காருக்காகவும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

அப்படியானால் எதற்காகப் படித்தோம்? பல காலம் யோசித்து நான் வந்து சேர்ந்த பதிலைச் சொல்கிறேன். நாவல் முடியப்போகிற நேரத்தில் ஒரு பக்கம் வரும். அதுவரை விறைப்பாக நடந்துகொண்ட கதாநாயகன் அவள் முன்னால் வந்து நின்று, தான் செய்தது தப்பு என்று வாய் திறந்து சொல்வான். உன்னை ஒரு வார்த்தை கேட்காமலே உன்னைப் பற்றி முடிவு கட்டிவிட்டேன் என்பான். அந்தப் பக்கத்துக்காகத்தான் படித்தோம்.

நான் வளர்ந்த வீட்டில் ஆண்கள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்பா கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனால், மறுநாள் மாலை இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்து சாமி படத்தின் கீழே வைத்துவிட்டுப் போவார். அம்மா அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வாள். விஷயம் அத்தோடு தீர்ந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். அம்மாவுக்குப் பூவோடு ஒரு வார்த்தையும் வேண்டியிருந்தது என்பதை அவள் படித்த நாவல்களிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன். அந்த மாதிரிப் பக்கங்களின் ஓரத்தை அவள் மடித்து வைத்திருப்பாள்.

முடிவு தெரிந்த கதையைப் படிப்பது ஏன்?

காதல் நாவல் மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, அதன் முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது என்பது. உண்மைதான். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் 1980-இல் தொடங்கிய சங்கம் இந்த வகை நாவலுக்கு இரண்டே இலக்கணங்கள் சொன்னது. கதையின் நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். நம் ஊர் வாசகிகள் இதை இன்னும் சுருக்கமாகக் கேட்பார்கள்: “கடைசியில சுபம்தானே?” வேலைக்குப் போகும் ரயிலில் என்னோடு வந்த தோழி ஒருத்தி கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திறப்பாள்.

முடிவு தெரிந்துவிட்டால் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ராமன் பட்டம் சூட்டிக்கொள்வான் என்று தெரிந்தேதான் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்து கதை கேட்டது. முடிவு பற்றிய பதற்றம் விலகினால், இடையில் நடப்பதை உன்னிப்பாகக் கவனிக்க முடிகிறது. இருவருக்கும் நடுவே எது தடையாக நிற்கிறது, அதை யார் எப்படி நகர்த்துகிறார்கள் என்று பார்க்கலாம்.

பமேலா ரெஜிஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை 2003-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், காதல் நாவலுக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று வகுத்துக் காட்டினார். கதை நடக்கும் சமூகம், முதல் சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்லுதல், இனி எதுவும் நடக்காது என்று தோன்றும் இருண்ட கட்டம், உண்மை தெரியவரும் தருணம், மண உறுதி. நான் படித்த தமிழ் நாவல்களோடு இந்தப் பட்டியலைப் பொருத்திப் பார்த்திருக்கிறேன். வரிசை முன்பின் மாறுமே தவிர, எட்டும் எங்காவது இருக்கும். என்னைப் போன்றவர்கள் காத்திருப்பது ஏழாவதற்காக. உண்மை தெரியவந்ததும் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் ஒரு நாவல் நிற்கும் அல்லது விழும்.

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813-இல் வெளிவந்தது. இன்று நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கு அது பாடம். அதன் அமைப்பைப் பாருங்கள். செல்வந்தனான டார்சி கதையின் நடுப்பகுதியிலேயே எலிசபெத்திடம் தன் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறான். அவள் குடும்பம் தனக்குக் கீழானது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். மிச்சக் கதை முழுவதும் அவன் தன்னைத் திருத்திக்கொள்வதும், அவள் தன் தப்பெண்ணத்தைக் களைந்துகொள்வதும்தான். அவளுடைய தங்கை ஒருவனோடு ஓடிப்போய்க் குடும்பமே தலைகுனியும்போது, டார்சி யாருக்கும் தெரியாமல் பணம் கொடுத்து அந்தக் கல்யாணத்தை நடத்திவைக்கிறான். தான் செய்ததாக அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வேறொருவர் வாய் வழியாகத்தான் அவளுக்குத் தெரியவருகிறது. வாயால் கேட்கும் மன்னிப்புக்குப் பின்னால் ஒரு செயல் இருக்க வேண்டும் என்ற விதியை, இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் எழுதிவைத்துவிட்டாள்.

வாசலில் நிற்பவன்

இது வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த சரக்கு என்று சிலர் சொல்வார்கள். சங்க இலக்கியத்தின் மருதத் திணையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பும் தலைவன் தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறான். உள்ளே விட வேண்டுமா என்று முடிவு செய்வது தலைவி. தோழி நடுவில் நின்று அவன் முகத்துக்கு நேரே அவன் செய்ததைச் சொல்கிறாள். வாயில் மறுத்தல் என்று அதற்குத் துறையே இருக்கிறது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய நூறு மருதப் பாடல்களில் இந்த வாசல் திரும்பத் திரும்ப வருகிறது. திருக்குறள் முடியும் இடத்தையும் நினைத்துப் பாருங்கள். அறமும் பொருளும் பேசிய நூல், 131-ஆம் அதிகாரத்திலிருந்து 133 வரை கணவன் மனைவிக்கு இடையிலான ஊடலைப் பேசி நிறைவடைகிறது. பிணக்கையும் அதைத் தீர்க்கிற வழியையும் ஒரு நூலின் முடிவாக வைக்கத் தகுந்த பெரிய விஷயமாகக் கருதியவர்கள் நாம்.

அச்சில் வந்த தமிழ் நாவலில் இந்த இழையைப் பெண்கள் கையில் எடுத்தார்கள். வை.மு. கோதைநாயகி 1901-இல் பிறந்தவர். ஐந்து வயதில் கல்யாணமாகி, முறையான பள்ளிப் படிப்பு இல்லாமல் வளர்ந்தவர். தான் மனதில் கட்டிய முதல் படைப்பைத் தோழி ஒருத்தியிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, அதிலேயே தன் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் எழுதிப் பெண்கள் படித்த கதைகள் அவை.

அடுத்து ‘லட்சுமி’ என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி. தொட்டியத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டே ஆனந்த விகடனில் எழுதி, அந்த வருமானத்தைக் கொண்டு படிப்பைத் தொடர்ந்தவர். திருமணத்துக்குப் பின் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார். 1984-இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய ‘பெண் மனம்’ நாவல்தான் 1963-இல் ‘இருவர் உள்ளம்’ படமாக வந்தது. எல்.வி. பிரசாத் இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்தது. பெண்கள் விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்த ஒரு பணக்காரன், ஒரு பெண்ணை உண்மையாக விரும்புகிறான். வீட்டாரின் நெருக்குதலால் அவள் அவனுக்குக் கழுத்தை நீட்டுகிறாள். தாலி கட்டியவன் என்பதற்காக அவளால் அவனை நேசிக்க முடியவில்லை. கல்யாணம் முடிந்த பிறகுதான் அவன் அவள் மனதைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

கல்யாணத்தோடு கதை தொடங்குவது தமிழ்க் காதல் நாவலுக்கே உரிய ஒரு வலிமை என்று நினைக்கிறேன். இங்கே பெரும்பாலான பெண்களுக்கு முன்பின் பழக்கமில்லாத ஒருவனோடுதான் வாழ்க்கை தொடங்கியது. காதல் என்ற ஒன்று வந்தால் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். ‘அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு சுகமாக வாழ்ந்தார்கள்’ என்று முடிகிற கதை எங்களுக்கு எதையும் சொல்லித் தராது. அறிமுகமில்லாத இருவர் ஒரே அறையில் எப்படி மனிதர்களாகப் பழகுவது என்பதுதான் எங்கள் கேள்வி.

அந்தக் கேள்வியை ஆயுள் முழுக்க எடுத்துக்கொண்டவர் ரமணிசந்திரன். வாசகிகள் செல்லமாக ‘ஆர்சி’ என்பார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். அவர் கதைகளின் அச்சு எங்களுக்கு மனப்பாடம். தொழில் நடத்தும் கதாநாயகன். வசதி குறைந்த, தன்மானம் மிகுந்த கதாநாயகி. அவள் பணத்தாசை பிடித்தவள் என்று யாரோ சொல்லி அவன் நம்பியிருப்பான். அவள் விளக்கம் சொல்ல மாட்டாள். சொன்னாலும் அவன் கேட்க மாட்டான். ஒரு கட்டத்தில் உண்மை வெளிவரும். அதன் பிறகு வரும் பக்கங்களை அவர் அவசரமில்லாமல் எழுதுவார். எந்தெந்த நாளில் எந்தெந்தச் சொல்லால் அவளைக் குத்தினானோ, அவை எல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். தட்டைத் தள்ளியது யாருக்கும் ஞாபகம் இல்லாத வீட்டில் வளர்ந்த எனக்கு, அந்த ஞாபகம் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதைச் சொல்லி மாளாது.

புத்தகம் வந்த வழி

இந்த நாவல்கள் எங்கள் கைக்கு எப்படி வந்தன என்பதும் கதையின் ஒரு பகுதிதான். அம்மா காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்துகொள்வார்கள். ஊசி நூலால் தைத்து, ஓரத்தில் காலிகோ துணி ஒட்டிய கட்டு. நடுவில் ஓர் அத்தியாயம் காணாமல் போயிருக்கும். பின்பக்கத்தில் தைல விளம்பரமும் சமையல் குறிப்பும் இருக்கும். அந்தக் கட்டுகள் தெரு முழுக்கச் சுற்றி வரும்.

1969-இல் ‘ராணி முத்து’ வந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு முழு நாவல். பிறகு மாலைமதி, கண்மணி, குடும்ப நாவல் என்று மாத நாவல்கள் வரிசையாக வந்தன. ஓவியர் மாருதி வரைந்த பெரிய கண்கள் கொண்ட பெண்கள் அட்டையிலிருந்து பார்ப்பார்கள். ரயில் நிலையக் கடைகளிலும் பஸ் நிலையப் பெட்டிக்கடைகளிலும் கயிற்றில் தொங்கும் இதழ்களை, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பெண்ணால் வாங்க முடிந்தது.

வாங்க முடியாதவர்களுக்கு வாடகை நூல் நிலையம். முன்பணம் கட்டிவிட்டு, புத்தக விலையில் ஒரு சிறு பங்கை வாடகையாகக் கொடுத்து எடுத்துப் போகலாம். சென்னையில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் இதில் பெயர் பெற்றது. அதைவிடச் சிறிய, பலசரக்குக் கடையை ஒட்டிய ஒற்றை அறை நிலையங்கள் புறநகர் முழுவதும் இருந்தன. கூடுவாஞ்சேரியில் நான் போன நிலையத்தின் உரிமையாளர் என் ரசனையை என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். “இது உங்களுக்கு வேண்டாம்மா, இதில் அவன் கடைசிவரை திருந்தவே மாட்டான்” என்று ஒரு புத்தகத்தைக் கையிலிருந்து வாங்கி அலமாரியில் திரும்ப வைத்திருக்கிறார்.

இதே ஏற்பாடுதான் இங்கிலாந்தில் காதல் நாவலை ஒரு தொழிலாக மாற்றியது. ஜெரால்ட் மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் 1908-இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் ஆரம்பத்தில் எல்லாவகைப் புத்தகங்களையும் போட்டது. ஜாக் லண்டன், பி.ஜி. வுட்ஹவுஸ் ஆகியோருடையதும் அதில் அடக்கம். 1930-களில், இரண்டு பென்னிக்குப் புத்தகம் இரவல் தரும் கடைகள் அங்கே பெருகின. அங்கே வரும் பெண்கள் எதை விரும்பிக் கேட்கிறார்கள் என்று பார்த்து, அந்த நிறுவனம் காதல் நாவலுக்குத் திரும்பியது. பழுப்பு அட்டைப் புத்தகங்கள் என்றே அவற்றை அடையாளம் சொல்வார்கள். 1971-இல் கனடாவின் ஹார்லக்வின் நிறுவனம் அதை வாங்கியது. அந்தப் புத்தகங்கள் பழைய புத்தகமாகச் சென்னை மூர் மார்க்கெட்டுக்கும் வந்து சேர்ந்தன. எங்கள் அலுவலகத்தில் ஆங்கிலம் சரளமாகப் படித்த ஓர் அக்கா அங்கே போய் அள்ளிக்கொண்டு வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குத் தமிழில் கதை சொல்வார். அங்கும் இங்கும் வாசகி ஒருத்திதான். சொந்தமாக வாங்கப் பணமில்லாதவள், இரவல் எடுத்துப் படிக்க அரை மணி நேரம் உள்ளவள்.

அரை மணி நேரம் யாருடையது?

அந்த நேரத்தைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் நடுமேற்கு அமெரிக்காவின் ஓர் ஊருக்குப் போய், ஒரு புத்தகக்கடைப் பெண்ணையும் அவளிடம் காதல் நாவல் வாங்கும் பெண்களையும் சந்தித்துப் பேசினார். அவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். 1984-இல் அது நூலாக வந்தது. கதையில் என்ன இருக்கிறது என்பதைவிட, படிப்பது என்ற செயலே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது என்று கண்டார். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் எப்போதும் கிடைக்கிறவளாக இருக்கும் ஒருத்தி, புத்தகத்தைத் திறந்ததும் ‘இப்போது நான் யாருக்கும் இல்லை’ என்று அறிவிக்கிறாள். எல்லோரையும் கவனிக்கிற அவளைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை. தன்னைக் கவனிக்கிற ஒருவனை அவள் நாவலில் தேடுகிறாள்.

இதைப் படித்தபோது எங்கள் மகளிர் பெட்டி முழுக்க என் கண்முன் வந்தது. காலையில் கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடுப்பையும் பிள்ளைகளையும் பின்னால் விட்டுவிட்டு, அலுவலகக் கோப்புகள் வந்து சேர்வதற்கு முன்னால் கிடைக்கிற நேரம். பூ கட்டுகிறவர்கள், கீரை ஆய்கிறவர்கள், ஸ்லோகம் சொல்கிறவர்கள் நடுவே நாங்கள் நான்கைந்து பேர் நாவலோடு. ஒரு மாத நாவல் ஒரு வாரத்தில் பெட்டி முழுவதும் சுற்றி முடித்துவிடும்.

ராட்வே தன் வாசகிகளைப் புகழ்ந்ததோடு நிறுத்தவில்லை. புத்தகத்தில் ஆறுதல் கிடைத்துவிடுவதால், வீட்டில் கேட்க வேண்டியதைக் கேட்காமலே இந்தப் பெண்கள் இருந்துவிடுகிறார்களோ என்ற கவலையையும் எழுப்பினார். நியாயமான கவலை. அதற்கு என் பதில் எங்கள் பெட்டியில் நடந்த ஒரு சண்டை.

ஒரு நாவலில், மனைவியைச் சந்தேகப்பட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிய கணவன், உண்மை தெரிந்ததும் வந்து அழைக்கிறான். அவள் உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எழும்பூரில் ஏறும் ஒரு சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள், புத்தகத்தைப் படார் என்று மூடினாள்.

“என்னக்கா இது? வான்னு கூப்பிட்டா போயிடணுமா?”

“வீடு தேடி வந்துட்டானேடி, அதுக்கு மேல என்ன?” என்றார் மூத்த அக்கா ஒருவர்.

“வந்தான். தப்புன்னு சொன்னானா? உன்னை அனுப்பினதை நாலு பேர் முன்னாடிதானே அனுப்பினான், அந்த நாலு பேர் முன்னாடி சொன்னானா?”

பெட்டியே இரண்டாகப் பிரிந்து பேசியது. அன்று பேசியவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எல்லோரும் பேசியது தத்தம் வீட்டைப் பற்றித்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புருஷன் கை நீட்டினால் பொறுத்துப்போவதா, மாமியார் முன்னால் அவமானப்பட்டால் யார் சரி செய்வது, எவ்வளவு நாள் பேசாமல் இருக்கலாம் என்று வெளியில் வாய் திறக்க முடியாத கேள்விகளை, இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் நாங்கள் பேசிப் பார்த்தோம். எழும்பூர்ப் பெண் பிற்பாடு தன் வீட்டில் ஒரு விஷயத்தில் உறுதியாக நின்று பேசித் தீர்த்துக்கொண்டதை நான் அறிவேன். அதற்கான சொற்களில் பாதியை அவள் எங்கள் பெட்டியில் பேசிப் பழகியிருந்தாள்.

எனக்குப் பிடிக்காதவை

இந்த நாவல்களை நேசிக்கிறேன் என்பதாலேயே அவற்றின் கோளாறுகளைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முதலாவது, கை நீட்டுவது. பழைய நாவல்கள் பலவற்றில் கதாநாயகன் ஓர் அறை விடுவான். அது அவனுடைய அன்பின் ஆழத்தைக் காட்டுவதாக எழுதியிருக்கும். இதை எந்தக் காலத்திலும் என்னால் ஏற்க முடிந்ததில்லை. இன்று கைபேசியில் வரும் நாவல்களில் ‘ஆன்டி ஹீரோ’ என்று ஒரு வகை. கட்டாயத் தாலி, கடத்தல், பழிவாங்கக் கல்யாணம். கடைசியில் ஒரு பக்கம் கண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகிவிடும். தவறின் அளவுக்குத் தகுந்த பரிகாரம் வேண்டும். அவசரத்தில் விட்ட சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு பக்கம் போதும். ஒரு பெண்ணின் சம்மதத்தைப் பறித்துக்கொண்டவனுக்கு எத்தனை அத்தியாயம் எழுதினாலும் போதாது. அந்தப் புத்தகங்களை நான் பாதியில் மூடிவிடுகிறேன்.

இரண்டாவது, சாதி. நம் வாழ்க்கையில் கல்யாணத்தை நிர்ணயிக்கும் முதல் விஷயம் அது. இந்த நாவல்களில் பணக்காரன், ஏழை என்ற வேறுபாடு பக்கத்துக்குப் பக்கம் வரும். சாதி அநேகமாகப் பேசப்படுவதே இல்லை. அந்தஸ்து என்ற பொதுவான சொல்லுக்குள் அதை மூடி வைத்துவிடுகிறார்கள். காதலுக்குத் தடை எது என்பதைச் சொல்வதுதான் இந்த நாவல் வகையின் வேலை. மிகப் பெரிய தடையைச் சொல்லாமல் விடுவது, அந்த வேலையில் பாதியைச் செய்யாமல் விடுவதுதான்.

மூன்றாவது, கதாநாயகியின் வேலை. முதல் பாதியில் திறமைசாலியாக அலுவலகத்தை நடத்துகிறவள், கடைசி அத்தியாயத்தில் கர்ப்பமாகிச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அவள் பார்த்த வேலை என்ன ஆனது என்று ஒரு வரி இருக்காது. மாதம் பிறந்தால் சீசன் டிக்கெட் எடுத்து வேலைக்குப் போன எங்களுக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

இந்தக் குறைகளைச் சொல்லும் உரிமை படிக்கிறவர்களுக்கு இருக்கிறது. படிக்காமலே ‘பெண்கள் படிக்கும் குப்பை’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே அச்சில் வார்த்தது என்பார்கள். துப்பறியும் கதையிலும் கொலை நடக்கிறது, கடைசியில் கொலைகாரன் பிடிபடுகிறான். அதைப் படிக்கிறவரை யாரும் வாழ்க்கை தெரியாதவர் என்று சொல்வதில்லை.

இன்றைய வாசகி

வாடகை நூல் நிலையங்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. மகளிர் பெட்டியில் எல்லோர் கையிலும் கைபேசி. ஆனால் அந்தக் கைபேசியில் ஓடுவதில் ஒரு பங்கு காதல் நாவல்தான். பிரதிலிபி போன்ற செயலிகளிலும் கிண்டிலிலும் பெண்கள் தொடராக எழுதுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தை ‘யூடி’ என்கிறார்கள், “யூடி எப்போ சிஸ்?” என்று வாசகிகள் விரட்டுகிறார்கள். இல்லத்தரசிகள், செவிலியர்கள், ஐ.டி. ஊழியர்கள், வெளிநாட்டில் குடியேறிய பெண்கள் என்று எழுதுகிறவர்களின் வட்டம் விரிந்திருக்கிறது. பிழை திருத்த ஆளில்லாமல் வருபவை பல. ஆனாலும் கதாநாயகி வேலையை விடாத கதைகளையும், மறுமணம் செய்துகொள்ளும் நாற்பது வயதுக்காரியின் கதைகளையும், சமைக்கத் தெரிந்த கதாநாயகனையும் நான் அங்கேதான் சந்தித்தேன். எழும்பூர்ப் பெண் கேட்ட கேள்வியை இன்றைய வாசகிகள் எழுதியவரிடமே நேராகக் கேட்கிறார்கள். அவன் ஏன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்று நூறு பேர் கேட்டால் அடுத்த யூடியில் அவன் கேட்டாக வேண்டியிருக்கிறது.

இளம் பெண்கள் என்னிடம் எதைப் படிக்கலாம் என்று கேட்டால் பெயர்ப் பட்டியல் தருவதில்லை. மூன்று கேள்விகளைத் தருகிறேன். அவன் தன் தவறைத் தன் வாயால் சொல்கிறானா? சொன்ன பிறகு நடத்தையில் எதை மாற்றினான்? மன்னிக்காமல் இருக்கவும் அவளுக்கு உரிமை இருப்பதாக எழுதியவர் நினைக்கிறாரா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது நல்ல காதல் நாவல். ஆண்கள் படித்தாலும் நல்லது. தன் வீட்டுப் பெண் எந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறாள் என்று எடுத்துப் பார்க்கிறவனுக்கு, அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பல விஷயங்கள் கேட்காமலே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாத நாவல்களை நம் நூலகங்கள் பல சேர்த்து வைக்கவில்லை. படித்ததும் எடைக்குப் போடுகிற தாளாகவே அவை பார்க்கப்பட்டன. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம், பெரிய இலக்கியத்தோடு வெகுஜன அச்சுப் பொருட்களையும் காப்பாற்றி வைத்திருப்பதால்தான் அந்தக் காலத்து வாசிப்பைப் பற்றி இன்று ஆராய முடிகிறது. உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவோ அத்தையோ தைத்துவைத்த பைண்டிங் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். முதலில் ஒன்றை எடுத்துப் படியுங்கள். பிறகு அதைப் பாதுகாக்கிற ஒரு நூலகத்திடம் கொடுங்கள். இந்த நாட்டுப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்று நாளை ஒருவர் எழுத உட்கார்ந்தால், அதற்கான சாட்சியம் அந்தக் கட்டுகளில்தான் இருக்கிறது.